உண்ணி மட்டுமே காரணமன்று: செம்மறி மந்தைகளைச் சாய்க்கும் இரத்த ஒட்டுண்ணி நோய்கள்

செம்மறியாட்டின் காதுமடலிலும் தொடையிடுக்கிலும் வாலடியிலும் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் உண்ணியை ஆடு வளர்ப்போர் எல்லோரும் அறிவர். அது குடிக்கும் இரத்தம் ஓர் இழப்பே என்றாலும், குடிக்கும்போது தன் உமிழ்நீரோடு ஆட்டின் உடலுக்குள் அது இறக்கிவிடும் ஓரணு ஒட்டுண்ணிகளால் விளையும் கேடு பலமடங்கு பெரிது என்பதும், அந்தக் கேடு எந்த மந்தையில் எப்போது சாவாக வெளிப்படும் என்பதில் உண்ணியைக் காட்டிலும் மனிதர்கள் எடுக்கும் முடிவுகளுக்கே கூடுதல் பங்கு உண்டு என்பதும் அந்த அளவுக்கு அறியப்படவில்லை. ஆட்டை எங்கிருந்து வாங்குவது, எந்த வயதில் மேய்ச்சலுக்கு ஓட்டுவது, எந்த மாதத்தில் ஊர் மாற்றுவது, எந்தச் சுவருக்குள் அடைப்பது என்ற அன்றாட முடிவுகளைத்தான் நோய்ப்பரவலியல் அறிஞர்கள் இடர்க்காரணிகள் என்று வகைப்படுத்துகிறார்கள். அதாவது, தாமே நோயை உண்டாக்காவிட்டாலும் நோய் வருவதற்கான வாய்ப்பைக் கூட்டுபவை.

2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 7 கோடியே 43 லட்சம் செம்மறியாடுகள் இருந்தன. தெலங்கானா, ஆந்திரம், கர்நாடகம், ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களை அடுத்து ஐந்தாம் இடத்தில் நின்ற தமிழ்நாட்டின் பங்கு சுமார் 45 லட்சம். சேலம் பக்கத்து மேச்சேரி, தெற்கத்திக் கரிசல் காடுகளின் கீழக்கரிசலும் வெம்பூரும், ராமநாதபுரம் வெள்ளை, சென்னைச் சிவப்பு, மலைக்குளிருக்குப் பழகிய நீலகிரி என இம்மாநிலத்தின் செம்மறி இனங்கள் பலவகைப்பட்டவை. அவற்றை வளர்ப்போரில் பெரும்பாலோர் சிறு விவசாயிகளும் நிலமற்றவர்களும் ஆவர். வங்கிக் கணக்கின் இடத்தில் மந்தையை வைத்திருக்கும் இக்குடும்பங்களுக்கு, ஒரு வாரத்தில் நான்கு சினையாடுகள் சாய்வது அந்த ஆண்டின் வருமானமே சாய்வதற்கு நிகர். ஆனாலும் ஆட்டு நோய் என்றவுடன் ஆட்டுக்கொல்லி நோயும் துள்ளுமாரியும் நீலநாக்கு நோயும் நினைவுக்கு வருகிற அளவுக்கு உண்ணி வழி வரும் இரத்த ஒட்டுண்ணி நோய்கள் நினைவுக்கு வருவதில்லை. அவை ஒரே நாளில் மந்தை முழுவதையும் வீழ்த்துவதில்லை என்பதும், அவற்றின் அடையாளங்கள் வேறு நோய்களின் அடையாளங்களோடு குழம்பிக் கிடப்பதும் இந்த மறதிக்குக் காரணங்கள்.

ருமேனியாவில் தொடங்கிய தேடல்

1888ஆம் ஆண்டில் விக்டர் பாபெஷ் என்ற ருமேனிய நோயியல் அறிஞர், சிவந்த சிறுநீர் கழித்துச் செத்துக்கொண்டிருந்த மாடுகளின் இரத்தச் சிவப்பணுக்களுக்குள் நுண்ணிய உயிரிகள் இருப்பதைக் கண்டார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், அந்நாட்டு இடையர்கள் ‘கர்ச்சாக்’ என்று அழைத்த செம்மறி நோயிலும் அதே தன்மையுள்ள உயிரியைக் கண்டறிந்தார். அவை பாக்டீரியாக்கள் அல்ல, ஓரணு விலங்கினத்தைச் சேர்ந்தவை என்பது பின்னர் தெளிவானபோது, அவருடைய பெயரையே தாங்கி ‘பபேசியா’ என்ற பேரினம் 1893இல் உருவானது. அதே 1893இல் அமெரிக்காவின் தியோபால்டு ஸ்மித்தும் கில்போர்னும் டெக்சாஸ் மாட்டுக் காய்ச்சலை உண்ணியே பரப்புகிறது என்று நிறுவினர். இரத்தம் குடிக்கும் ஒரு கணுக்காலி இத்தகைய நோயைக் கடத்த முடியும் என்பதற்குக் கிடைத்த முதல் உறுதியான சான்றுகளில் அது ஒன்று. செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1897இல்தான். மனித மருத்துவம் கால்நடை மருத்துவத்தின் பின்னால் நடந்த அரிய தருணங்களில் ஒன்றான இதற்கு வரலாற்று நூல்கள் போதிய இடம் கொடுப்பதில்லை.

செம்மறியின் பபேசியாவை எந்த உண்ணி கடத்துகிறது என்ற கேள்விக்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மோட்டாஷ் என்ற மற்றொரு ருமேனியர் விடை கண்டார். ‘ரிப்பிசெஃபாலஸ் பர்சா’ எனப்படும் அந்த உண்ணி இன்றைக்கும் துருக்கி முதல் ஸ்பெயின் வரையிலான மத்தியதரைக்கடல் நாடுகளில் ‘பபேசியா ஓவிஸ்’ நோயின் முதன்மைக் கடத்தியாக இருக்கிறது. அளவில் பெரியதும் வீரியத்தில் பொதுவாகக் குறைந்ததுமான இன்னொரு செம்மறி ஒட்டுண்ணிக்குப் பின்னாளில் ‘பபேசியா மோட்டாசி’ என்று பெயரிடப்பட்டது.

மற்றொரு பேரினமான தைலேரியா, தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய சுவிட்சர்லாந்து நாட்டவரான ஆர்னால்டு தைலரின் பெயரால் வழங்குகிறது. செம்மறியைத் தாக்கும் தைலேரியாக்களில் ‘தைலேரியா ஓவிஸ்’ பெரும்பாலும் தீங்கில்லாமல் ஆட்டின் உடலில் தங்கியிருப்பது. அதற்கு நேர்மாறாக, வட ஆப்பிரிக்கா முதல் மேற்காசியா வழியாக இந்தியா வரை பதிவாகியுள்ள ‘தைலேரியா லெஸ்டோகார்டி’, பழக்கமில்லாத மந்தைக்குள் நுழைந்தால் பெருஞ்சாவை விளைவிக்க வல்லது. சீனாவில் முதலில் அடையாளம் காணப்பட்டுப் பெயர் பெற்ற ‘தைலேரியா லூவென்ஷுனி’ என்ற இனம் தென்னிந்தியச் செம்மறிகளிடமும் இருப்பதை மரபணு அடிப்படையிலான ஆய்வுகள் அண்மை ஆண்டுகளில் காட்டியுள்ளன. இவற்றோடு சேர்த்தே பேசப்படும் ‘அனாப்ளாஸ்மா ஓவிஸ்’ உண்மையில் ஒட்டுண்ணி விலங்கினம் அன்று, சிவப்பணுவுக்குள் வாழும் ஒரு பாக்டீரியா. ஆனால் கடத்துவது உண்ணி, விளைவது இரத்தசோகை, பாதிக்கப்படுவது அதே மந்தை என்பதால், களத்தில் இவற்றைப் பிரித்துப் பார்ப்பது எளிதன்று. ஒரே ஆட்டின் இரத்தத்தில் இரண்டு, மூன்று இனங்கள் சேர்ந்திருப்பதும் உண்டு.

கடத்தலின் இரு வழிகள்

உண்ணியின் வாழ்க்கை முட்டை, ஆறுகால் புழுப்பருவம், எட்டுக்கால் இளம்பருவம், முதிர்பருவம் என்ற நான்கு நிலைகளைக் கொண்டது. தென்னிந்தியச் செம்மறிகளிலும் வெள்ளாடுகளிலும் மிகுதியாகக் காணப்படும் ‘ஹீமாஃபைசாலிஸ் இன்டர்மீடியா’ ஒவ்வொரு நிலையிலும் ஓர் உயிரின்மேல் ஏறி இரத்தம் குடித்துத் தரையில் விழுந்து, தோலுரித்த பின் வேறோர் உயிரைத் தேடுவது. இவ்வகையை மூன்று விருந்தோம்பி உண்ணி என்பர். மாடுகளின்மேல் மிகுந்திருக்கும் ‘ரிப்பிசெஃபாலஸ் மைக்ரோபிளஸ்’ தன் மூன்று நிலைகளையும் ஒரே மாட்டின்மேல் கழித்து, முட்டையிட மட்டுமே தரைக்கு வரும். இந்த வேறுபாடு நூலறிவுக்கு மட்டும் உரியதன்று. வாழ்நாளின் பெரும்பகுதியை ஆட்டின் உடலுக்கு வெளியே புல்லிலும் சுவர் வெடிப்பிலும் கழிக்கும் உண்ணியை ஆட்டின்மேல் மட்டும் மருந்து தெளித்து ஒழிக்க முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

தைலேரியா ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு மட்டுமே உண்ணிக்குள் கடந்து செல்லும். இளம்பருவத்தில் தொற்றைப் பெற்ற உண்ணி முதிர்ந்தபின் அடுத்த ஆட்டுக்கு அதைக் கொடுக்கும், ஆனால் தன் முட்டைக்குக் கொடுக்காது. ஆகவே நோய் தொடர வேண்டுமானால், ஒவ்வொரு தலைமுறை உண்ணியும் நோய்த்தாங்கி ஆட்டை, அதாவது வெளியே நலமாகத் தோன்றியபடி இரத்தத்தில் ஒட்டுண்ணியைச் சுமக்கும் ஆட்டை, புதிதாகச் சந்தித்தாக வேண்டும். பபேசியாவோ தாய் உண்ணியின் சூலகத்துக்குள் புகுந்து முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்லும். ஆயிரக்கணக்கில் பொரித்து வரும் குஞ்சு உண்ணிகளில் சில பிறக்கும்போதே தொற்றோடு பிறக்கின்றன. இதனால், ஆடுகளை அப்புறப்படுத்திச் சில மாதங்கள் காலியாக வைத்த மேய்ச்சல் நிலத்திலும் பபேசியா எஞ்சியிருக்க முடியும்.

கவனிக்க வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. உண்ணி கடித்தவுடனே ஒட்டுண்ணி ஆட்டுக்குள் போய்விடுவதில்லை. தைலேரியா உண்ணியின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் இரத்தச் சூட்டில் முதிர்ச்சியடைந்து வெளிவருவதற்குப் பொதுவாக இரண்டு மூன்று நாட்கள் ஆகும். மாலையில் பட்டி திரும்பும் ஆடுகளின் காதையும் கவட்டையும் தடவிப் பார்த்து உண்ணியைப் பிடுங்கி எறியும் பழைய வழக்கம், செலவில்லாத நோய்த்தடுப்பாகவே இருந்து வந்திருக்கிறது என்பதை இந்த இடைவெளி உணர்த்துகிறது. இருநூறு, முந்நூறு ஆடுகள் கொண்ட மந்தையில் அது இயலாத வேலை என்பதும் உண்மையே.

குடற்புழு என்று எண்ணப்படும் சோகை

பபேசியா சிவப்பணுவுக்குள் பெருகி அதை உடைத்து வெளியேறுகிறது. உடைந்த அணுக்களின் நிறமி சிறுநீரில் கலக்கும்போது காப்பி நிறச் சிறுநீர் தோன்றுகிறது. 39 பாகை செல்சியஸ் அளவில் இருக்க வேண்டிய உடல்வெப்பம் 41, 42 வரை ஏறுகிறது. கண்ணிமையின் உட்புறம் முதலில் வெளுத்து, பின் மஞ்சளாகிறது. தைலேரியா முதலில் வெள்ளணுக்களைப் பிடித்துப் பெருகுவதால், உண்ணி கடித்த இடத்துக்கு அருகிலுள்ள நிணநீர்க்கணுக்கள் வீங்குகின்றன. காதடியிலும் தோள்பட்டைக்கு முன்னும் கையில் தட்டுப்படும் கட்டி, விடாத காய்ச்சல், தீனி எடுக்காமை, மூச்சிரைப்பு, சில நேரங்களில் கருச்சிதைவு ஆகியவை சேர்ந்து தோன்றினால் தைலேரியாவை ஐயுற வேண்டும். நாட்பட்ட தொற்றில் இவை எவையும் தெளிவாகத் தெரியாது. ஆடு மெலியும், மந்தையின் பின்னால் தங்கும், பால் வற்றும், குட்டி இளைக்கும், அவ்வளவுதான்.

இங்கேதான் களத்தில் மிகப் பெரிய தவறு நேர்கிறது. செம்மறியின் கண்ணிமை வெளுத்தால் அது குடற்புழுவே என்று கொண்டு புழுநீக்க மருந்து ஊற்றுவது இடையர்களிடம் மட்டுமன்றி மருந்துக்கடைகளிலும் வேரூன்றிய பழக்கம். ‘ஹீமான்கஸ்’ என்னும் நான்காம் இரைப்பைப் புழு இரத்தம் குடித்துச் சோகையை உண்டாக்குவதும், தாடைக்கடியில் நீர் கோத்து வீங்குவதும் இந்நிலத்தில் மிகுதி என்பதால், அந்த ஊகம் பெரும்பாலும் சரியாகவும் அமைந்துவிடுகிறது. ஆனால் குடற்புழுச் சோகையில் பொதுவாகக் காய்ச்சல் இருப்பதில்லை, சிறுநீர் நிறம் மாறுவதில்லை. வெப்பமானி ஒன்றும், காது நரம்பிலிருந்து எடுத்த ஒரு துளி இரத்தமும் புழுச் சோகையையும் இரத்த ஒட்டுண்ணிச் சோகையையும் பிரித்துக் காட்டிவிடும். அந்தத் துளியைக் கண்ணாடிச் சில்லில் மெல்லியதாக இழுத்து, மெத்தனாலில் நிலைப்படுத்தி, ஜீம்சா சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் இரத்தப்பூச்சு முறை, நூறாண்டு கடந்தும் கடுமையான நோய்நிலைக்கு நம்பத்தக்கதாகவே இருக்கிறது. நோய்த்தாங்கி ஆடுகளில் ஒட்டுண்ணி மிகக் குறைவாக இருப்பதால் அவற்றை மட்டும் இம்முறை தவறவிடும். அதற்கு ஒட்டுண்ணியின் மரபணுத் துண்டைப் பன்மடங்காக்கிக் காணும் பிசிஆர் சோதனை தேவைப்படுகிறது.

இடர்க்காரணிகளைப் படிக்கும் விதம்

துருக்கி, ஈரான், பாகிஸ்தான், இந்தியா ஆகிய நாடுகளில் வெளிவந்துள்ள ஆய்வுகள் வயது, பால், இனம், பருவகாலம், உண்ணியின் மிகுதி, உண்ணிமருந்துப் பயன்பாடு, மாடுகளோடு சேர்ந்த மேய்ச்சல் போன்றவற்றை இடர்க்காரணிகளாக ஆராய்ந்து வந்துள்ளன. அவற்றின் முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படுவதாகத் தோன்றும். ஓர் ஆய்வில் முதிர்ந்த ஆடுகளுக்குத் தொற்று கூடுதல், மற்றொன்றில் இளம் ஆடுகளுக்குக் கூடுதல். பெரும்பாலானவற்றில் கிடாவைவிடப் பெட்டைக்குக் கூடுதல். இம்முரண்பாட்டின் பெரும்பகுதி, தொற்றும் நோயும் வேறுவேறு என்பதை மறப்பதால் வருவது. பிசிஆர் சோதனை காட்டுவது ஒட்டுண்ணியின் இருப்பை மட்டுமே. ஒருமுறை தொற்றிய ஒட்டுண்ணி ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் தங்கக்கூடியது என்பதால், நீண்ட நாள் வாழும் ஆட்டிடம் அது கூடுதலாகத் தென்படுவது இயல்பு. கிடாக்குட்டிகள் இறைச்சிக்காக முதலாண்டிலேயே விற்கப்பட, பெட்டைகள் ஐந்தாறு ஈற்றுவரை மந்தையில் இருக்கின்றன என்ற எளிய உண்மை, பெட்டைகளிடம் காணப்படும் மிகுதியில் பெரும்பகுதியை விளக்கிவிடக்கூடும். ஆகவே, தொற்று மிகுந்த மந்தையே நோய் மிகுந்த மந்தை என்று கொள்வது தவறு. பல இடங்களில் நிலைமை அதற்கு நேர்மாறானது.

உண்ணியும் ஒட்டுண்ணியும் எப்போதும் இருக்கிற ஊரில், தாயாட்டின் சீம்பாலிலிருந்து நோய் எதிர்ப்புப் பொருளைப் பெற்ற குட்டி, அந்தப் பாதுகாப்பு இருக்கும்போதே உண்ணிக் கடியைச் சந்திக்கிறது. மெல்லிய தொற்றோடு தப்பி, வாழ்நாள் முழுவதற்கும் ஓரளவு எதிர்ப்பாற்றலைப் பெற்றுவிடுகிறது. மந்தையில் பெரும்பாலான ஆடுகள் இவ்வாறு தேறியிருந்தால் தொற்று எங்கும் இருக்கும், சாவு அரிதாகவே இருக்கும். இதைக் கால்நடை நோயியலில் வட்டார நோய்ச் சமநிலை என்பர். இந்தச் சமநிலை குலையும் இடங்களை வரிசையாகப் பார்த்தால், அவை யாவும் மனித முடிவுகளாகவே இருப்பது புலப்படும்.

அவற்றில் முதன்மையானது ஆடுகளின் இடமாற்றம். உண்ணி குறைந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஆட்டை உண்ணி மிகுந்த ஊருக்குக் கொண்டுவரும்போது, அதன் முதல் உண்ணிக் கடி முதிர்ந்த வயதில், தாய்ப்பாதுகாப்பு ஏதுமின்றி, நெடும்பயண அலுப்போடும் புதுத்தீனி ஒவ்வாமையோடும் சேர்ந்து நிகழ்கிறது. மறுதிசையிலும் ஆபத்து உண்டு: நோய்த்தாங்கி ஆடு ஒன்று, ஒட்டுண்ணி இல்லாத உண்ணிகள் வாழும் ஊருக்குள் வந்து அவ்வுண்ணிகளுக்குத் தொற்றைக் கொடுத்துவிட முடியும். தெலங்கானா அரசு 2017இல் தொடங்கிய செம்மறி வழங்கும் திட்டத்தில், ஆயர் குடும்பங்களுக்கு 20 பெட்டைகளும் ஒரு கிடாவும் கொண்ட அலகுகள் 75 விழுக்காடு மானியத்தில் அளிக்கப்பட்டன. அதற்காக அண்டை மாநிலங்களிலிருந்து லட்சக்கணக்கான ஆடுகள் லாரிகளில் வந்திறங்கின. தேசியக் கால்நடை இயக்கம் 2021 முதல் நூறு பெட்டைகள் முதல் ஐந்நூறு பெட்டைகள் வரையிலான பண்ணைகளுக்குப் பாதி முதலீட்டு மானியம் தருகிறது. எளியோரிடம் ஆடு சேர வேண்டும் என்ற நோக்கம் போற்றத்தக்கது. ஆனால் ஐந்நூறு பெட்டைகளை ஒரே ஊரில் வாங்க முடியாது என்பதால், எட்டயபுரம், செஞ்சி போன்ற சந்தைகளில் பத்து ஊர்களின் ஆடுகளைப் பொறுக்கி ஒரே கொட்டகையில் அடைக்கும் நிலை ஏற்படுகிறது. பத்து ஊர்களின் ஒட்டுண்ணிகளும் எதிர்ப்பாற்றல் குறைகளும் அங்கே ஒன்று கூடுகின்றன. காப்பீட்டுக்கும் தடுப்பூசிக்கும் இடம் கொடுக்கிற திட்ட அறிக்கைகள், வாங்கும் ஆட்டுக்கு மூன்று வாரத் தனிமைப்படுத்தலுக்கும் ஒரு சொட்டு இரத்தச் சோதனைக்கும் கட்டாயமாக இடம் கொடுத்தாக வேண்டும்.

இரண்டாவது, கொட்டகையின் கட்டமைப்பு. வெடிப்பு விழுந்த மண்சுவரும், கல் அடுக்கிய வேலியும், ஆண்டுக்கணக்கில் அள்ளப்படாத சாணப்புழுக்கைப் படிவும் முட்டையிடும் உண்ணிக்கு ஏற்ற இடங்கள். இந்த நோக்கில் ராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் கீதாரிகள் எனப்படும் அலைவு மேய்ச்சல் ஆயர்கள் மந்தையை இரவில் வயலில் தங்கவைக்கும் கிடை முறை மறுமதிப்பீட்டுக்கு உரியது. அறுவடை முடிந்த டெல்டா வயல்களில் இரவுதோறும் இடம் மாற்றிக் கிடை போடுவதால், இரத்தம் குடித்து விழும் உண்ணி முட்டையிட்டுப் பொரித்து எழும்போது அங்கே மந்தை இருப்பதில்லை. வெயிலேறும் வெற்று வயலில் அதன் குஞ்சுகள் நெடுநாள் தாக்குப்பிடிப்பதும் கடினம். உரத்துக்காக உருவான ஏற்பாடு உண்ணியின் சுழற்சியையும் அறுக்கிறது என்று கருத இடமிருக்கிறது. அதே கீதாரிகள் வழிநெடுகப் பல ஊர் மந்தைகளோடு நீர்நிலைகளிலும் தரிசுகளிலும் கலக்கிறார்கள் என்பதால், அலைவு மேய்ச்சலை முழுப் பாதுகாப்பு என்று கொள்ளவும் முடியாது. மேய்ச்சல் நிலங்கள் சுருங்கச் சுருங்க, ஒரே குளக்கரையில் மாடும் வெள்ளாடும் செம்மறியும் நெருங்கி மேய்வது, ஓர் இனத்தின் உண்ணி மற்றோர் இனத்துக்கு ஏறும் வாய்ப்பையும் கூட்டுகிறது.

பரண்மேல் ஆடு வளர்ப்பில் உண்ணி வெகுவாகக் குறைகிறது. ஆனால் உண்ணியே காணாமல் வளர்ந்த ஆடு பின்னாளில் விற்கப்பட்டு மேய்ச்சல் மந்தைக்குள் சேரும்போது, அது எதிர்ப்பாற்றல் அற்ற ஆடாகவே சேரும். அயல் இனக் கலப்பும் இதைப் போன்றதே. நீலகிரியின் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் மெரினோ கலப்பு செய்யப்பட்டது கம்பளியை மேம்படுத்த; குளிர்ந்த மலையில் பொருந்திய கலப்பினத்தைச் சமவெளிக்கு இறக்க நினைப்போர் எடைக்கணக்கோடு உண்ணிக் கணக்கையும் பார்த்தாக வேண்டும்.

அரைகுறை ஒழிப்பின் ஆபத்து

சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் போன்ற உண்ணிமருந்துகளும் ஐவர்மெக்டின் ஊசியும் இன்று கிராமங்களிலும் கிடைக்கின்றன. அளவுக்குக் குறைவாகக் கரைத்து, ஆட்டின் முதுகில் மட்டும் தெளித்து, காதையும் கவட்டையும் விட்டுவிடும் பழக்கம், உண்ணியைக் கொல்லாமல் மருந்துக்குப் பழக்குகிறது. இந்தியாவின் மாட்டு உண்ணிகளில் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற செயற்கைப் பைரெத்ராய்டு மருந்துகளுக்கு எதிர்ப்பு பரவலாகப் பதிவாகியிருப்பது இதற்கு எச்சரிக்கை. அதைவிட நுட்பமான ஆபத்து, சில ஆண்டுகள் கடுமையாக ஒழித்துவிட்டுப் பின் கைவிடுவதில் இருக்கிறது. உண்ணி குறைந்த அந்த ஆண்டுகளில் பிறந்த குட்டிகள் தொற்றைச் சந்திக்காமல் வளர்ந்துவிடும். மருந்து நின்று உண்ணி திரும்பும்போது, எதிர்ப்பாற்றல் இல்லாத ஒரு தலைமுறையே அதன்முன் நிற்கும். முழுமையாகவும் இடைவிடாமலும் ஒழிக்க முடியாத இடத்தில், உண்ணியைத் தாங்கக்கூடிய அளவில் வைத்திருப்பதும், பருவமழைக்குப் பிந்தைய மிகுதிக் காலத்தில் மட்டும் கொட்டகையையும் ஆட்டையும் ஒருசேரக் கவனிப்பதும் அறிவுடைய செயலாகும்.

நோய் கண்ட ஆட்டுக்குத் தைலேரியாவுக்கு எதிராக புப்பார்வகோன், பபேசியாவுக்கு இமிடோகார்ப் அல்லது டிமினசின், அனாப்ளாஸ்மாவுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின் எனத் தனித்தனி மருந்துகள் உள்ளன. ஒன்றுக்கு உரியது மற்றொன்றுக்கும் பயன்படும் என்று கொள்ள முடியாது என்பதாலும், புப்பார்வகோன் விலை கூடியது என்பதாலும், இமிடோகார்ப்புக்கும் டிமினசினுக்கும் எடைக்கேற்ற அளவு தவறினால் நச்சுத்தன்மை உண்டு என்பதாலும், சோதனையில்லாமல் ஊசி போடுவது ஆட்டுக்கும் காசுக்கும் கேடு. மருந்து போட்ட ஆட்டைக் குறித்த நாட்கள் கழியாமல் இறைச்சிக்கு விற்கலாகாது என்ற விதி, சாகும் நிலையிலுள்ள ஆட்டை அவசரமாக விற்கும் வழக்கத்தால் அன்றாடம் மீறப்படுகிறது. இந்தியாவில் மாட்டுத் தைலேரியாவுக்குத் தடுப்பூசி இருக்கிறது. ஈரானில் செம்மறியின் லெஸ்டோகார்டி இனத்துக்கு வீரியம் குறைத்த உயிர்த்தடுப்பூசி உருவாக்கப்பட்டது. தென்னிந்தியச் செம்மறிக்கு அப்படி எதுவும் கைக்கு எட்டும் நிலையில் இல்லை.

உண்ணியைப் பற்றிய கவலை ஒட்டுண்ணி நோய்களோடு நின்றுவிடுவதுமில்லை. 1954இல் ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டத்தில் ஹீமாஃபைசாலிஸ் இன்டர்மீடியா உண்ணியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கஞ்சாம் வைரஸ், ஆப்பிரிக்காவின் நைரோபி செம்மறி நோய் வைரஸின் இந்திய வடிவம் என்று பின்னர் தெரியவந்தது. இவ்வைரஸ் மனிதரையும் தொற்றக்கூடியது என்பதால், மந்தையைக் காக்கும் உண்ணிக் கண்காணிப்பு மந்தையைக் கையாளும் மனிதர்களையும் காக்கும்.

தமிழ்நாட்டில் இதற்கான அறிவும் கருவியும் இல்லாமல் இல்லை. 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும், 1989இல் உருவான கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும், அதன் பொட்டனேரி மேச்சேரி ஆட்டு ஆராய்ச்சி நிலையமும், மாவட்டங்களில் இயங்கும் நோய்ப் புலனாய்வுப் பிரிவுகளும் உள்ளன. குறையுள்ள இடம், செத்த ஆட்டுக்கும் அந்த ஆய்வுக்கூடத்துக்கும் இடைப்பட்ட தூரம். காப்பீட்டுச் சான்றுக்காக ஆட்டின் காதுவில்லையைக் கேட்கும் முறை, அதே காதிலிருந்து எடுத்த இரத்தப்பூச்சுச் சில்லு ஒன்றையும் கேட்குமானால், எந்த வட்டாரத்தில் எந்த ஒட்டுண்ணி எந்த மாதத்தில் கொல்கிறது என்ற விவரம் ஓரிரு ஆண்டுகளில் திரண்டுவிடும். சில்லு, மெத்தனால், பூச்சு இழுக்கும் பயிற்சி ஆகியவற்றைக் கால்நடை மருந்தக உதவியாளர்களுக்கும் ஆர்வமுள்ள கீதாரிகளுக்கும் கொடுப்பதற்கு ஆளொன்றுக்கு ஆகும் செலவு ஓர் ஆட்டின் விலையை எட்டாது.